முதலில் எதை வாங்குவது: அச்சா, மையா, சூடா?

பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். நேரம் நிறைய இருக்கிறது. சித்திரை வருசத்துக்குக் கிடைத்த கைவிசேடக் காசும் செலவாகாமல் இருக்கிறது. ஒரு நாள் பின்னேரம் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து, “ரீச்சர், றப்பர் அச்சு வைத்து வாழ்த்துமடல் செய்யப் பழகப் போறன். இதில எதை முதல்ல வாங்குறது?” என்று கேட்டாள். பார்த்தால் பட்டியல் இரண்டு திரைக்கு நீளுகிறது. அச்சுத் தொகுதி நான்கு, மைப்பெட்டி பன்னிரண்டு நிறத்தில், பொடி எட்டு நிறத்தில், சூட்டுத் துப்பாக்கி ஒன்று, அக்ரிலிக் கட்டைகள், அது இது என்று. கூட்டிப் பார்த்தால் நல்ல தையல் மெஷின் ஒன்றே வாங்கிவிடலாம்.

அவளுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதில் இறங்கியவள். முதல் வருடம் வாங்கியதில் பாதி இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. ஆகவே இதை நடுநிலையான ஒப்பீடு என்று நினைக்க வேண்டாம். காசைக் கரியாக்கியவளின் ஒப்பீடு. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருகோணமலையில் இருந்துகொண்டு தொடங்குகிறவர் அச்சில் மிச்சம் பிடிக்கலாம், பொடியில் மிச்சம் பிடிக்கலாம். ஒட்டும் மையிலும் சூட்டுக் கருவியிலும் மட்டும் கை இறுக்கக் கூடாது.

வேலை என்ன என்று தெரியாதவர்களுக்கு: கலியாண அழைப்பிதழில் பெண் மாப்பிள்ளை பெயர்கள் பொன்னிறத்தில் மேடாக நிற்கும் அல்லவா, நகத்தால் தடவினால் தட்டுப்படும். அச்சகத்தில் ஈர மையின்மேல் பிசின் பொடி தூவி, இயந்திரச் சூட்டில் உருக்கி அதைச் செய்கிறார்கள். வீட்டில் செய்வதும் அதேதான். மெதுவாகக் காயும் மையில் அச்சைத் தொட்டுக் கடதாசியில் பதிக்கிறோம். ஈரம் போகுமுன் பொடியைக் கொட்டி, மிச்சத்தைத் தட்டிப் போத்தலுக்குள்ளேயே திருப்பி எடுக்கிறோம். மை பட்ட இடத்தில் மட்டும் பொடி நிற்கும். சூடு காட்டினால் அது உருகி ஒன்றாகி, ஆறியதும் பளபளப்பாக மேடு கட்டும். பொடி வேண்டாமென்றால் வெறும் மையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே ஒரு முழுக் கலைதான்.

அச்சு: வாங்குவதா, செய்விப்பதா, வெட்டுவதா

கடையில் கிடைக்கும் அச்சில் இரண்டு சாதி. பழையது சிவப்பு றப்பர். கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய றப்பர். பெரும்பாலும் மரக்கட்டையில் ஒட்டியபடி வரும். கோடு கூர்மையாக விழும், எந்த மைக்கும் ஈடுகொடுக்கும், வெயிலும் எண்ணெயும் படாமல் வைத்தால் பிள்ளைகள் காலம்வரை இருக்கும். குறை என்னவென்றால், மரக்கட்டை கண்ணை மறைத்துவிடும். மடலின் நடுவில் பதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓரத்தில் பதிப்பீர்கள். விலையும் கூட.

புதியது கண்ணாடி போன்ற அச்சு. ஒளிபட்டு இறுகும் ஒரு வகைப் பிளாஸ்ரிக். பின்பக்கம் தானாகவே அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் உரித்து எடுத்துவிடலாம். ஒட்டும் தன்மை குறைந்தால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் திரும்பி வரும். கட்டைகூட வாங்கத் தேவையில்லை. பழைய சிடி உறையின் மூடி போதும். ஊடே பார்த்துப் பதிக்கலாம் என்பது தொடக்கக்காரருக்குப் பெரிய வசதி. ஆனால் புதிதாக வாங்கியதும் மை அதன்மேல் வாழையிலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நிற்கும். அழிறப்பரால் மேலே மெல்லத் தேய்த்துவிட்டால் சரியாகும். இன்னொன்று, சீல் குத்துகிற பழக்கத்தில் இதை ஓங்கிக் குத்தினால் மெல்லிய கோடெல்லாம் நசுங்கிப் பரந்துவிடும். உள்ளங்கையால் அமர்த்தினால் போதும். வெயில் இதற்கு எமன். எங்கள் வீட்டு மேற்கு யன்னலோரம் நான் வைத்த ஒரு தொகுதி முதலில் மஞ்சளித்தது, பிறகு பிசுபிசுத்தது, கடைசியில் கரப்பான் மருந்து வைத்த தட்டோடு சேர்த்து வெளியே போனது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் வரும். றப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹா ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு வந்து இறங்கியது 1876ஆம் ஆண்டு. அதன் பிறகு பாலெடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய நாடு இது. ஒரு பூ அச்சு வேண்டுமென்றால் மட்டும் கடல் தாண்டி வரவேண்டும். சரி, அது என் புலம்பல்.

சிவப்போ கண்ணாடியோ, வாங்கும் தொகுதிகளில் எல்லாம் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. அவற்றில் தமிழ் இல்லை. வாழ்த்து வரிகள் எல்லாம் ஆங்கிலத்தில். படங்களோ பனிமனிதன், டியூலிப் பூ, புகைபோக்கி வைத்த வீடு. திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு பனிமனிதனை வைத்து நான் யாருக்கு மடல் அனுப்ப? சாமத்திய வீட்டுக்கு ஒரு வரி, கிருகப்பிரவேசத்துக்கு ஒரு வரி, பொங்கலுக்கு ஒரு பானை: இதெல்லாம் அந்தத் தொகுதிகளில் கிடையாது.

இங்கேதான் சீல் கடை கைகொடுக்கிறது. அலுவலகங்களுக்குப் பெயர்ச் சீல் செய்து கொடுக்கிற கடைதான். இப்போது பல இடங்களில் றப்பரை லேசரால் செதுக்குகிறார்கள். வெள்ளைக் கடதாசியில் கறுப்பு மையால் வரைந்தோ எழுதியோ கொண்டு போனால் அதையே அச்சாக்கித் தருவார்கள். எழுத்தைத் திருப்பிப் போடுவது அவர்கள் வேலை, நாம் நேராகவே கொடுக்கலாம். இதற்கு முன்னால் இப்படி யாரும் கேட்டிராத கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை.

அவரிடம் மூன்று விசயம் சொல்ல வேண்டும். முதலாவது, தானே மை தொட்டுக்கொள்கிற சீல் வேண்டாம், வெறும் றப்பர்தான் வேண்டும். ஸ்பிரிங் வைத்து உள்ளுக்குள்ளேயே மை நிரம்பிய வகையை வாங்கிவிட்டால், அது தன் மையைத் தவிர வேறொன்றையும் ஏற்காது. பொடி வேலைக்கு உதவவே உதவாது. இரண்டாவது, முடிந்த அளவு ஆழமாகச் செதுக்கச் சொல்லுங்கள். அலுவலகச் சீலுக்கு ஆழம் குறைவாக இருந்தாலும் ஒன்றும் இல்லை, நமக்கு வெற்றிடத்திலும் மை ஒட்டிக் கறை விழும். மூன்றாவதுதான் காசு மிச்சம் பிடிக்கும் வழி: நாலைந்து படத்தையும் வரியையும் ஒரே துண்டில் நெருக்கி அடுக்கிக் கொடுத்து, ஒரு சீலாகவே செய்விக்கலாம். பிறகு கத்தரிக்கோலால் பிரித்து, மரத்துண்டிலோ தடித்த ஸ்பொஞ்ச் நாடாவிலோ ஒட்டிக்கொள்ளலாம்.

எழுத்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் எழுத்துச் சுழிகளால் ஆனது. வெறும் மையில் சின்னதாகப் பதித்தால் அழகாகவே இருக்கும். பொடி தூவி உருக்கினால், உருகுகிற பொடி சுழிக்குள் ஓடி அடைத்துக்கொள்ளும். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும், ‘வாழ்த்துகள்’ என்பதில் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் எழுத்தின் உயரம் அரை சென்ரிமீற்றருக்குக் குறையாமலும், புள்ளி சற்றுத் தள்ளியும் இருந்தால்தான் பிழைக்கும். கணினி எழுத்துருவை அப்படியே கொடுக்காமல், புள்ளியைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கையால் எழுதிக் கொடுத்த வரிதான் எனக்கு இன்றுவரை உழைக்கிறது.

இன்னொருவர் வரைந்த படத்தைக் கைபேசியில் இறக்கி, சீல் கடைக்குக் கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் விளையாட என்றாலே அது சரியில்லை. மடலை விற்கப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் கூடாது. கடையில் வாங்கும் தொகுதிக்கும் இது பொருந்தும். கையால் பதித்த மடலை விற்க அனுமதிக்கிற நிறுவனங்கள் உண்டு, அனுமதிக்காதவையும் உண்டு. அதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கையெழுத்தையும் உங்கள் கோட்டையும் வைத்துக்கொண்டால் இந்தத் தலையிடியே இல்லை.

மூன்றாவது வழி, வெட்டுவது. சிறுவகுப்பில் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துப் பதிக்காதவர் யார்? அதன் மூத்த சகோதரம்தான் இது. பெரிய வெள்ளை அழிறப்பர் ஒன்று, கூரான சிறு கத்தி, கிடைத்தால் ‘வி’ வடிவ வாயுள்ள செதுக்கும் கருவி. படத்தை மெல்லிய கடதாசியில் மென்மையான 4பி பென்சிலால் வரைந்து, அதைக் குப்புற அழிறப்பரில் வைத்து நகத்தால் தேய்த்தால் கோடு இறங்கிவிடும். இப்படிச் செய்தால் படம் தானாகவே திரும்பி விழும், அச்சில் நேராக வரும். நான் முதல்முதலில் வெட்டியது ‘ஓம்’. இந்தத் தேய்க்கிற வேலையெல்லாம் எதற்கு என்று நேரடியாக அழிறப்பரிலேயே வரைந்து, இரண்டு நாள் இருந்து வெட்டி முடித்தேன். பதித்துப் பார்த்தால் கண்ணாடியில் பார்க்கிற ஓம். சாமி அறைக்கும் ஆகாது, குப்பைக்கும் போட மனம் வராது, இன்னும் இருக்கிறது.

கையால் வெட்டும் அச்சு எழுத்துக்குச் சரிவராது, தடித்த உருவங்களுக்கு நன்றாக வரும். மீன், தென்னை, சங்கு, எங்கள் ஊர்ப் பிரட்றிக் கோட்டையில் கூட்டமாக மேய்கிற புள்ளிமான். மான் புள்ளி வைப்பது எல்லாவற்றிலும் சுகம், ஒரு பேனாக் குழாயை அழுத்தித் திருகினால் போதும். ஒரு எச்சரிக்கை: இந்த வெள்ளை அழிறப்பரைப் பிளாஸ்ரிக் பெட்டியிலோ மற்ற அச்சுகளோடு முட்டியோ வைக்காதீர்கள். அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டிக்கொள்ளும். கடதாசியில் சுற்றி வைக்க வேண்டும்.

ஆக, தமிழ் வரிக்குச் சீல் கடை, உருவத்துக்குக் கத்தி. கண்ணாடி அச்சுத் தொகுதி வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒன்று, அதுவும் பூவும் இலையும் மட்டும் உள்ளது. பூவுக்கு மொழி கிடையாது.

மை

சாய மை, நிறமி மை, பொடிக்கான ஒட்டும் மை என்று மூன்று இருக்கிறது. சாய மை கடதாசிக்குள் இறங்கி உடனே காய்ந்துவிடும். வெறும் பதித்தலுக்கும், பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கும் அதுதான் நல்லது. ஆனால் உடனே காய்வதால் பொடிக்கு உதவாது. நிறமி மை கடதாசியின் மேலேயே தங்கி மெதுவாகக் காயும், பொடி பிடிக்கும். ஒட்டும் மை காயவே அவசரப்படாது. நிறமற்றது, பதித்தால் கடதாசி ஈரமானதுபோல் ஒரு நிழல் மட்டும் தெரியும். ஜப்பானின் சுகினேகோ நிறுவனத்தின் வேர்சாமார்க் என்கிற மைப்பெட்டி இந்த வகையில் பேர்போனது. எட்டு நிறப் பொடிக்கும் இந்த ஒரே மை போதும். பொடி போடாமல் நிறக் கடதாசியில் பதித்தாலும் அதே நிறத்தில் ஒரு படி கருமையாக விழும், பட்டுச் சேலையின் உடல் வேலைப்பாடு மாதிரி.

சீல் கடை ஊதா மையை வைத்துச் சமாளிக்கலாமா என்றால், நானும் முயன்று பார்த்தேன். பொடி இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டியது. அம்மை போட்ட முகம் மாதிரி வந்தது. மருந்துக் கடைக் கிளிசரினைச் சாயத்தோடு கலந்து ஸ்பொஞ்சில் ஊற்றிப் பார்த்தேன். பொடி பிடித்தது, ஆனால் கோடு ஊறிப் பரந்தது. பெரிய மீனுக்குச் சரி, எழுத்துக்குச் சரிவராது. அதனால்தான் சொல்கிறேன், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒட்டும் மை ஒன்று, வெறும் பதித்தலுக்குக் கறுப்புச் சாய மை ஒன்று. பன்னிரண்டு நிறம் தேவையே இல்லை.

அப்புறம் ஒரு சூட்சுமம்: நிற நிறமி மையில் பதித்து, மேலே நிறமற்ற பொடியைத் தூவி உருக்கினால் அந்த நிறமே பளபளப்பாக எழும். அப்படியானால் நிறப் பொடி எட்டு வாங்குவதற்குப் பதிலாக நிறமற்ற பொடி ஒன்று. பொன்னிறம் மட்டும் மையால் அந்த மினுக்கத்தோடு வராது. அதற்குப் பொன்பொடிதான் வேண்டும். வெள்ளைப் பொடி மூன்றாவது. கடும் நீலக் கடதாசியில் வெள்ளை எழும்பி நிற்பதைப் பார்த்தவர் அதை விடமாட்டார். வெள்ளைக் கடதாசியில் வெள்ளைப் பொடியால் படம் எழுப்பி, மேலே நீர்வண்ணம் பூசினால் படத்தில் வண்ணம் ஏறாமல் வழுக்கி ஓடும். பத்திக் துணியில் மெழுகு செய்கிற வேலையைத்தான் பொடி செய்கிறது. சிறு போத்தல் ஒன்றே பல மாதம் வரும், மிச்சம் திரும்பப் போத்தலுக்குத்தானே போகிறது. நுண்ணிய பொடி என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். தடித்த பொடி தமிழ்ச் சுழிகளை விழுங்கிவிடும்.

சூடு

முடி உலர்த்தி வீட்டில் இருக்கிறதே என்று எல்லாரும் முதலில் கேட்பார்கள். உதவாது. அதன் வேலையே மெல்லிய சூட்டில் நிறையக் காற்று ஊதுவது. நமக்கு வேண்டியது நல்ல சூடும் குறைந்த காற்றும். ஊதிய ஊதலில் பொடி பறந்து மேசை முழுக்க மினுங்கும், மடலில் ஒன்றும் மிஞ்சாது.

மின் அடுப்புச் சுருளுக்கு மேலே பிடிப்பது, ரோஸ்ரருக்கு மேலே காட்டுவது, சூடான இஸ்திரிப் பெட்டியின் தட்டில் மடலின் முதுகை வைப்பது: துப்பாக்கி வருமுன் இப்படித்தான் பலர் செய்தார்கள், வேலையும் நடக்கும். காற்றே இல்லை என்பதால் பொடி அசையாது, அது ஒரு நன்மை. ஆனால் சூடு ஒரே இடத்தில் குவியும். கடதாசி சுமார் 230 பாகை செல்சியசுக்கு மேலே போனால் கருகித் தீப்பிடிக்கக் கூடியது. சிவந்த சுருளின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். கையில் மடலைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு மேலே குனிந்து பளபளப்பு வருகிறதா என்று பார்க்கிற வேலையை நான் ஒரு பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். ஒரு தடவை செய்து பார்க்க இஸ்திரிப் பெட்டி போதும். தொடர்ந்து செய்ய வேண்டாம்.

வன்பொருள் கடையில் பெயின்ற் உரிக்க வைத்திருக்கும் சூட்டுத் துப்பாக்கி அடுத்தது. இது ஊரிலேயே கிடைக்கும். கெட்டுப் போனால் திருத்தவும் ஆள் உண்டு. பெரும்பாலும் 1500 முதல் 2000 வாற்று. கீழ்ப் படியிலேயே 300 பாகையைத் தொடும், மேல்படியில் 500ஐத் தாண்டும். காற்றும் பலமாக வரும். கைவினைக்கென்று செய்த சிறு கருவி சுமார் 300 வாற்றுதான், காற்று மூச்சு விடுவதுபோல் வரும். வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோதான் எடுப்பிக்க வேண்டும்.

இரண்டில் எது? கைவினைக் கருவிதான் சுகம், சந்தேகம் இல்லை. ஆனால் வன்பொருள் கடைத் துப்பாக்கியை ஒதுக்கிவிட வேண்டாம். கீழ்ப் படியில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மடலின் அடிப்பக்கத்திலிருந்து சூடு காட்டினால் பொடி பறக்காமல் உருகும். நான் இரண்டு வருடம் அதில்தான் வேலை செய்தேன். வீட்டில் பெயின்ற் வேலை, குழாய் வளைக்கிற வேலை செய்கிறவர் யாராவது இருந்தால் ஒரே கருவி இரண்டுக்கும் ஆகும். அப்படி யாரும் இல்லையென்றால், மடலுக்காக மட்டும் அந்தப் பெரிய கருவியை வாங்குவதைவிடப் பொறுத்திருந்து சின்னதை எடுப்பிப்பது நல்லது. கை நோகாது, இரைச்சலும் குறைவு.

வெளிநாட்டிலிருந்து என்றதும் எல்லாருக்கும் ஒரு மாமாவோ சித்தியோ நினைவுக்கு வருவார்கள். அங்கேதான் கவனம். எனக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு கருவி வந்தது, மிக அழகானது. பிளக்கை மாற்றிப் போட்டுச் சொருகினேன். சில நொடியில் முனை சிவந்து, பிளாஸ்ரிக் மணத்தோடு புகை வந்து, அவ்வளவுதான். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற்று, நமக்கு 230. சூட்டுச் சுருளுக்கு வோல்ற்று இரட்டிப்பானால் வலு நான்கு மடங்காகும்; இங்கே அது மூன்றரை மடங்குக்கும் மேல். பிளக் மாற்றியால் வோல்ற்று மாறாது என்பதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த நானே மறந்தேன். லண்டன், அவுஸ்திரேலியா உறவுகளிடம் கேட்டால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் 230தான். லண்டன் பிளக் நமது புதிய சதுரத் துளைகளுக்கு அப்படியே பொருந்தும்.

எந்தக் கருவியானாலும் பழக வேண்டியது ஒன்றுதான்: கண். துப்பாக்கியை முதலில் வெற்றிடத்தில் பதினைந்து இருபது வினாடி ஓடவிட்டு, சூடு ஏறிய பிறகு மடலுக்குக் கொண்டு வர வேண்டும். குளிராகக் கொண்டு வந்தால் காற்றுத்தான் முதலில் போகும். சின்னக் கருவியானால் இரண்டு விரல் அகலம் தள்ளிப் பிடித்தால் போதும். மணல்போல் இருந்த பொடி ஒரு கணத்தில் கண்ணாடிபோல் மாறும். அந்தக் கணத்திலேயே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டு நின்றால், உருகியது கடதாசிக்குள் இறங்கி மேடு தட்டையாகிவிடும், சுற்றிலும் வடைக் கடதாசி மாதிரி எண்ணெய்க் கறை தெரியும். அவசரப்பட்டு எடுத்தால் தோடம்பழத் தோல்போல் சொரசொரப்பாக நிற்கும். அதற்கு மட்டும் பரிகாரம் உண்டு, திரும்பச் சூடு காட்டலாம். மடலைக் கையால் பிடிக்காமல் உடுப்புக் கிளிப்பால் பிடியுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள், மணம் மண்டையைப் பிடிக்கும்.

காற்றும் ஈரமும்

இதை எந்தக் காணொளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காணொளி செய்கிறவர் இருக்கிற அறைக்குள் கச்சான் காற்று வராது. வெளியூர்க்காரர் கச்சான் என்றால் நிலக்கடலை என்று நினைப்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் எங்களுக்கு அது மேற்கிலிருந்து வருகிற வரண்ட காற்றும்கூட. வைகாசி தொடங்கி ஆவணி வரை அந்தக் காற்றில் திறந்து வைத்த சாய மைப்பெட்டி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மேலே காய்ந்துவிடும். மூடிவைக்க மறக்கவே கூடாது. ஆனால் பொடி வேலைக்கு அதுதான் பொற்காலம். கடதாசி மொரமொரவென்று இருக்கும், பொடி மை பட்ட இடத்தில் மட்டும் நிற்கும். ஒரே வேதனை, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்ய வேண்டும். வெளியே கச்சான் வெக்கை, கையில் சூட்டுத் துப்பாக்கி, தலைக்கு மேலே அசையாத மின்விசிறி. கன்னியா வெந்நீரூற்றில் குளித்ததற்குச் சமம்.

ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை நிலைமை தலைகீழ். மழையும் கடல் ஈரமும் சேர்ந்து கடதாசி தளர்ந்துவிடும். மை படாத இடத்திலும் பொடி ஒட்டும். உருக்கினால் மடல் முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளி. அநியாயம் என்னவென்றால் மடலுக்கு ஆள் கேட்பதும் அந்த மாதங்களில்தான். தீபாவளி, நத்தார், புது வருடம், பொங்கல் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. வெசாக் மட்டும்தான் நல்ல காலத்தில் வருகிறது. சிங்கள நண்பர்களுக்கு அனுப்புகிற என் வெசாக் மடல்கள் என்னுடைய பொங்கல் மடல்களைவிட எப்போதும் அழகாக இருப்பதற்கு வேறு காரணம் இல்லை.

மாரியில் செய்தே ஆகவேண்டுமென்றால், வெறும் கடதாசிக்கு முதலில் சூடு காட்டி ஈரத்தை விரட்டி, ஆறவிட்டுப் பிறகு பதியுங்கள். பதிக்குமுன் குழந்தைப் பவுடரைப் பழைய பருத்தித் துணியில் முடிந்து கடதாசிமேல் ஒற்றி எடுத்தால் பொடி கண்ட இடத்தில் ஒட்டாது. கூடிப் போனால் பொன்னிறம் மங்கும், மெல்லத்தான் ஒற்ற வேண்டும். தப்பி ஒட்டிய பொடியை உருக்குமுன் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். உருகிய பிறகு கடவுளாலும் எடுக்க முடியாது. இந்தத் தொல்லைகள் வேண்டாமென்று நினைக்கிறவர், மாரியில் தொடங்கினால் முதல் மூன்று மாதம் வெறும் பதித்தல் மட்டும் பழகி, மாசி பங்குனியில் பொடிக்கு வரலாம். கோடையில் தொடங்கினால் இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம்.

கடதாசியைப் பற்றி அதிகம் இல்லை. புத்தகக் கடையில் கிடைக்கும் பிறிஸ்டல் போட்டின் வழவழப்பான பக்கம் நன்றாகவே இருக்கிறது. போட்டோப் பிரதி எடுக்கிற 80 கிராம் தாள் சூட்டில் அப்பளம்போல் வளையும். பளபளப்பு பூசிய தாளில் சாய மை வழுக்கும்.

அவளிடம் நான் எழுதிக் கொடுத்த துண்டு இவ்வளவுதான்: பெரிய அழிறப்பர் இரண்டு, கத்தி, கறுப்புச் சாய மை ஒன்று, பிறிஸ்டல் போட் ஒரு தாள். இது முதல் மாதம். கை பழகியதும் சீல் கடையில் தமிழ் வரி ஒரு துண்டு, ஒட்டும் மை, நிறமற்ற நுண்பொடி, பொன்பொடி, சூட்டுக் கருவி. மிச்சக் காசு வங்கியில்.

போன கிழமை வந்தாள். கண்ணாடி அச்சுத் தொகுதி ஒன்றும் வாங்கியிருக்கிறாள், பூ என்று நினைத்தால் பூனை. “வடிவா இருந்தது ரீச்சர், விட மனமில்லை” என்றாள். கூடவே தான் வெட்டிய கோட்டை மானைப் பொன்பொடியில் எழுப்பிக் கொண்டு வந்திருந்தாள். அவளுடைய மாமா வீட்டுப் பெயின்ற் துப்பாக்கியில் உருக்கியதாம். உடம்பும் புள்ளியும் அப்பழுக்கில்லாமல் வந்திருந்தன. கொம்பை மட்டும் மிக மெல்லியதாக வெட்டிவிட்டாள். இடைவெளியெல்லாம் பொடி உருகி அடைத்து, பார்ப்பதற்குப் புள்ளி வைத்த எருமை. அடுத்த அழிறப்பரில் கொம்பில்லாத பெண்மானாக வெட்டப் போகிறாளாம்.